வாசலில் மூன்று நாற்காலிகள்

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவது பிரம்மநாயகிக்கு இருபத்தொன்பது வருஷப் பழக்கம். திருநெல்வேலி ஜங்ஷனில் விசாரணைக் கவுண்டரில் கம்பிக்குப் பின்னால் இருந்தவள். எதிரே நிற்பவர் "செந்தூரு..." என்று வாய் திறக்கும்போதே "மூணாவது பிளாட்பாரம், இன்னும் பத்து நிமிசம், அடுத்தாளு" என்று முடித்துவிடுவாள். வரிசை வாசல்வரை நிற்கும் இடத்தில் அது திறமை. வீட்டில் அப்படி இல்லை. அவள் கணவர் கடைசிவரை முக்கால் வாக்கியத்திலேயே வாழ்ந்து போய்ச் சேர்ந்தார்.

ஒரே மகன் பாபநாசம் பெங்களூரில் இருந்தான். அவனுடைய ஆபீஸில் அவனை 'பாப்' என்று கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்த அன்று பிரம்மநாயகி ஒரு வேளை சாப்பிடவில்லை.

அவன் இரண்டு வருஷமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்.

"எம்மா, அங்கன தனியா இருந்து என்ன செய்யுத? இங்க வந்துரு."

அவனுடைய வீடு பன்னிரண்டாவது மாடி. ஒரு தடவை இருபது நாள் போய் இருந்தாள். லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் அவள் கீழே கேட்டில் போய் நின்றுகொண்டு, பார்சல் கொண்டுவருகிற பையன்களுக்கு எந்தப் பிளாக் எந்தப் பக்கம் என்று சொல்ல ஆரம்பித்தாள். நாலாம் நாள் வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டு, தன் வேலையைக் காலி பண்ணிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அதனால்தான் இந்த ஆனியில் மகன் மறுபடி ஆரம்பித்தபோது, "எனக்கு இங்கன சோலி இருக்குலே" என்று சொல்லிவிட்டாள்.

"என்ன சோலி?"

அன்று காலையில்தான் வாசக சாலைச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்திருந்தாள். தனிமையில் வாடும் முதியவர்களிடம் போய்ப் பேச, அறுபது வயது தாண்டியவர்களுக்கே பயிற்சி கொடுத்துத் துணை ஆலோசகர் ஆக்குகிறார்கள். ஆறு வாரம். பாளையங்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனம்.

"ஆலோசகர் சோலி. அடுத்தவிய கஷ்டத்தக் கேக்கணும்."

"நீயா? கேக்கவா?" பாபநாசம் சிரித்த சிரிப்பில் அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டி வந்தது. பிறகு அவன் சொன்னான்: "சரிம்மா. சர்டிபிகேட் வாங்கிட்டேன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். வாங்கலைன்னா ஆவணி மொத வாரம் கெளம்பிரணும். சம்மதமா?"

"சம்மதம்."

அவன் அன்றைக்கே டிக்கெட்டையும் போட்டுவிட்டான்.

பயிற்சி நடத்தியவள் சித்ரலேகா. இருபத்தாறு வயது. மனோதத்துவம் படித்தவள். மெல்லிய குரல். கையில் ஒரு சின்னப் பச்சைப் புத்தகம் வைத்திருந்தாள். அதில் ஏழு விதிகள். குறுக்கே பேசவோ கேள்வி கேட்கவோ கூடாது. புத்தி சொல்லக் கூடாது. சொந்தக் கதை சொல்லக் கூடாது. போன வீட்டில் காப்பிகூடக் குடிக்கக் கூடாது. போனை அணைத்துவிட வேண்டும். அங்கே நடக்கிற எதையும் வெளியாளிடம் மூச்சுவிடக் கூடாது. கிளம்பும்போது 'போயிட்டு வாறேன்' என்று சொல்லக் கூடாது. வருவதாகச் சொல்லி வராமல் போனால் தனியாக இருக்கிறவர்களுக்கு மனசு ஒடிந்துவிடுமாம்.

"அப்பம் எதுக்குத்தான் போறோம்?" என்று கேட்டாள் பிரம்மநாயகி.

"கேட்கத்தான் அம்மா."

வகுப்பில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார்கள். பிரம்மநாயகிக்கு எதிரே மஹ்மூதா பீவி. மேலப்பாளையத்துக்காரி, நாற்பது வருஷம் பீடி சுற்றியவள். வருத்தப்படுகிறவள்போல நடிக்க வேண்டும்.

மஹ்மூதா பீவி பெருமூச்சு விட்டாள். "கொஞ்ச நாளா மனசு..."

"சரியில்லியா? பித்தமாத்தான் இருக்கும். இஞ்சிய நசுக்கித் தேன்ல போட்டு வெறும் வயித்துல குடி பீவி. எங்க மதினிக்கு இப்படித்தான்..."

"அம்மா, அவங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்றாள் சித்ரலேகா.

"அவ ஆரம்பிச்சு எப்பம் முடிக்க டீச்சர்? மணி பன்னெண்டாவுது."

மஹ்மூதா பீவி புரண்டு புரண்டு சிரித்தாள். அவள் மனசு அங்கேயே சரியாகிவிட்டது. ஆனால் சித்ரலேகா தன் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டாள்.

சர்டிபிகேட்டுக்குக் கடைசித் தேர்வு, உண்மையான ஒரு ஆளிடம் மூன்று தடவை போவது. மூன்று தடவைக்குள் அந்த ஆள் தானாக விரும்பிப் பத்து நிமிஷமாவது பேசி, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசித் தடவை விதிகளைக் காப்பாற்றியதற்குத் தனியாகப் பத்து மதிப்பெண். ஆறு வாங்கினால் போதும்.

பிரம்மநாயகிக்கு வாய்த்தவர் சுடலைக்கண்ணு. எழுபத்திநாலு வயது. மலைமேல் தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் நாற்பது வருஷம் கொதிகலனுக்கு விறகு போட்டவர். மனைவி மேலேயே இறந்துபோனாள். தோட்டத்தை மூடி எல்லோரும் இறங்கியபோது இவரும் இறங்கி, பாளையங்கால்வாய்க் கரையை ஒட்டி ஒரு தெருவில் ஒற்றை அறை வீட்டில் இருந்தார். லயன் வீடுகளில் சுவரோடு சுவராக இருந்த சனங்கள் கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், சங்கரன்கோவில் என்று ஆளுக்கொரு மூலையாகப் போய்விட்டார்கள். இவர் கதவைச் சாத்தினார். போனை எடுப்பதில்லை. திருப்பூரில் இருக்கும் மகள்தான் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள்.

முதல் தடவை போனபோது கதவு திறக்கவில்லை. ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. பிரம்மநாயகி அந்த ஒரு சாண் வழியாக நாற்பது நிமிஷம் பேசினாள். மூட்டு வலிக்கு வைத்தியம், திருப்பூருக்கு எந்தெந்த வண்டி, எந்த வண்டியில் கூட்டம் குறைவு. உள்ளே டி.வி.யின் சத்தம் படிப்படியாகக் கூடியது.

இரண்டாவது தடவை அவள் யோசித்துப் போனாள். புத்தியே சொல்லவில்லை. பதிலாகத் தன் கணவர் இறந்த கதையைச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து. பாதிக் கதையில் ஜன்னலும் சாத்திக்கொண்டது.

சித்ரலேகா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கடிந்து பேச வராது. மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூணாவது தடவையும் இப்படின்னா... மன்னிச்சுக்கோங்க அம்மா."

"மூணாவது தடவ வாயே தொறக்க மாட்டேன் டீச்சர்."

"உங்களால முடியுமா?"

பிரம்மநாயகிக்குப் பன்னிரண்டாவது மாடி லிஃப்ட் கண்ணில் வந்து நின்றது. "முடியும்" என்றாள்.

ஆனாலும் அவளை நம்பித் தனியாக அனுப்பவில்லை. துணைக்கு மஹ்மூதா பீவியும், வகுப்பில் கூட இருந்த லியோனும். லியோன் ஐயா மணப்பாட்டுக்காரர், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இப்போது மகள் வீட்டில் பாளையங்கோட்டையில். மஹ்மூதா பீவிக்கு மட்டும் தனி உத்தரவு: நாயகி அக்கா வாயைத் திறந்தால் கிள்ளிவிட வேண்டும்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மூன்று பேரும் போய் நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது. எதிர்வீட்டில் இட்லி மாவு விற்கிற பொன்செல்வி கடையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அக்கா மகளுக்கு வளைகாப்பு, அம்பாசமுத்திரம் போக வேண்டும்.

"பெரியம்மா, அவரு தொறக்க மாட்டாரு. காலையில இட்லிய ஜன்னல்ல வச்சா எடுத்துக்கிடுவாரு, அம்புட்டுதான். நின்னுட்டே இருந்தா உங்களுக்குக் காலு வலிக்கும்லா" என்று தன் வீட்டிலிருந்து மூன்று சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து அவர் வாசலில் வரிசையாகப் போட்டாள். "காப்பி போடட்டுமா?"

மூவரும் ஒன்றாகக் கையை அசைத்து மறுத்தார்கள். பொன்செல்வி பஸ்ஸுக்கு ஓடினாள்.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒரு வீட்டு வாசலில் பகலில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தால், பந்தல் இருந்தால் விசேஷம். பந்தல் இல்லையென்றால் துட்டி, அதாவது அந்த வீட்டில் சாவு. யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தோன்றாது.

லியோன் ஐயா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சாயங்காலம் மாதா கோயிலில் நவநாள் ஜெபம் இருந்தது. மஹ்மூதா பீவி வழக்கம்போல வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, கையில் தஸ்பீஹ் மணியை உருட்டி, உதடு மட்டும் அசைய முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பளிச்சென்ற நிறம் வேண்டாம் என்று வகுப்பில் சொன்னதற்காகப் பிரம்மநாயகி இருப்பதிலேயே மங்கலான சாம்பல் சேலையைக் கட்டியிருந்தாள். பத்தாவது நிமிஷத்தில் லியோன் ஐயா தலை கவிழ்ந்து கண்ணயர்ந்தார்.

பிரம்மநாயகிதான் பாடுபட்டாள். உள்ளே ஃபேன் கீச்சு கீச்சென்றது. அதற்கு எண்ணெய் விட வேண்டும் என்று சொல்ல நாக்கு துடித்தது. சுடலைக்கண்ணு இருமினார். அந்த இருமலுக்கு அவளிடம் நாலு மருந்து இருந்தது. முந்தானையை எடுத்து வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அடக்க அடக்கக் கண்ணில் நீர் முட்டியது. மூக்கை உறிஞ்சினாள்.

தெருவில் அவளுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் அவர்களைப் பார்த்ததும் இறங்கி, தள்ளிக்கொண்டே போனார். தோளில் துண்டு போட்டிருந்த இன்னொருவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடந்தார். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவன் வாசல்வரை வந்து, தலையைக் குனிந்து, சத்தமில்லாமல் திரும்பினான். தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சண்டையை நிறுத்திக் குசுகுசுத்தார்கள்.

"மூணு மதத்தாளும் வந்திருக்காவ. பெரிய ஆளுதான் போல. நமக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் ஒருத்தி.

ஆலோசகர்களுக்கு இந்தத் தெருவில் இவ்வளவு மரியாதையா என்று பிரம்மநாயகிக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கேஸ் சிலிண்டர் வண்டியில் சுஜின் வந்தான். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவனும் மலைமேல் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். இது மூவருக்கும் தெரியாது. வண்டியை நிறுத்திப் பைய நடந்து வந்தான்.

"பெரியம்மா, இது சுடலைக்கண்ணு மாமா வீடுதான?"

பிரம்மநாயகி தலையசைத்தாள்.

"என்னாச்சு பெரியம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். மஹ்மூதா பீவியின் விரல் அவள் இடுப்பை நோக்கி நகர்ந்தது. ஆறாவது விதி. வெளியாளிடம் மூச்சுவிடக் கூடாது. பிரம்மநாயகி முந்தானையை மறுபடி வாயில் வைத்து, இரண்டு பக்கமும் தலையை ஆட்டி, கையைக் கூப்பினாள்.

"ஐயோ மாமா" என்றான் சுஜின். தொப்பியைக் கழற்றினான். கதவு சாத்தியிருந்ததால், உள்ளே குளிப்பாட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டானாம். இதெல்லாம் பிறகு அவனே சொன்னது. வண்டியில் ஏறித் தெருமுனைக்குப் போய், 'மலை சொந்தங்கள்' என்கிற வாட்ஸ்அப் குழுவில் சுடலைக்கண்ணுவின் பழைய படம் ஒன்றை, நாலு பக்கமும் ரோஜாப்பூ வைத்து, கண்ணீர் அஞ்சலி என்று போட்டுவிட்டான். இருநூற்றுப் பதினோரு பேர் இருக்கிற குழு. மகள் மட்டும் நல்லவேளையாக அதில் இல்லை.

மூன்றரை மணிக்கு ஒரு சின்ன லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, இருப்பவர்களில் பெரியவராகத் தெரிந்த லியோன் ஐயாவின் தோளைத் தொட்டான்.

"அண்ணாச்சி, பெட்டிய எங்கன எறக்க?"

லியோன் ஐயா திடுக்கிட்டு விழித்தார். "எந்தப் பெட்டிவே?"

"ஃப்ரீசர் பெட்டிதான். ஆறடிதான் இருந்துச்சு. ஆளு உயரமோ?"

"எந்த ஆளு?"

டிரைவர் போனை எடுத்துப் படித்தான். "சுடலைக்கண்ணு. வயசு எழுபத்தி நாலு."

மஹ்மூதா பீவியின் கையில் மணி நின்றது. "யா அல்லா. எப்பம் மவுத்தானாரு?"

பிரம்மநாயகி கதவைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியாக இருமல் எப்போது கேட்டது? அரை மணி இருக்குமா? நாம் இங்கே மரியாதையாக வாயைப் பொத்திக்கொண்டு இருக்க, மனுஷன் உள்ளேயே போய்விட்டாரா? அடுத்த தெருவுக்குத் தெரிந்தது வாசலில் இருக்கிற நமக்குத் தெரியவில்லையா? விதியும் சர்டிபிகேட்டும் எங்கேயோ போயின. எழுந்து இரண்டு கையாலும் கதவை இடித்தாள்.

"அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! இருக்கியளா?"

சத்தமில்லை. மறுபடியும் இடித்தாள். "அண்ணாச்சி! உயிரோட இருக்கியளா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இல்ல. போங்க."

டிரைவர் லியோன் ஐயாவைப் பார்த்தான். "அண்ணாச்சி, பெட்டிய எறக்கவா வேண்டாமா?"

பதில் சொல்வதற்குள் தெருமுனையில் வேன் ஒன்று திரும்பியது. அது முழுதாக நிற்கவில்லை, அதற்குள் உள்ளேயிருந்து பெண்களின் அழுகை கிளம்பிவிட்டது. இருபது இருபத்தைந்து பேர். எல்லோரும் மலையிலிருந்து இறங்கிய சனம். கையில் ரோஜா மாலை. முன்னால் இறங்கியவள் சுடலைவடிவு, சுடலைக்கண்ணுவுக்குச் சின்னம்மா மகள். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். தலைமுடியை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு வந்து வாசல்படியில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணே! மழையில அட்ட கடிச்சா ஓடியாந்து சுண்ணாம்பு தடவுவியே! இனி யாரு தடவுவா?"

கதவு திறந்தது. கம்பளிக் குல்லாவும் பனியனுமாகச் சுடலைக்கண்ணு நின்றார்.

"ஏட்டி வடிவு, சுண்ணாம்பு தடவுனது நானில்ல. மகாராஜன்லா தடவுனான்."

சுடலைவடிவு நிமிரவில்லை. அழுகையின் வேகத்தில் யார் பேசுகிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. "யாரு தடவுனா என்ன! எம்புள்ளைக்குக் காய்ச்சல்னு நட்டநடுக் காட்டுல ஆன நிக்கப்போவத் தூக்கிட்டு ஓடுனியே!"

"ஆனையெல்லாம் நிக்கல. மிளா மான்தான் நின்னுச்சு. நீ ஆனைன்னு சொல்லிச் சொல்லி ஊரே நம்பிட்டு."

"கங்காணிய எதுத்து மழைக்குப் போத்திக்கிட எங்களுக்குச் சாக்கு வாங்கிக் குடுத்தியே!"

"ஆங். அது நாந்தான்."

அப்போதுதான் சுடலைவடிவு திரும்பிப் பார்த்தாள். அவள் போட்ட அலறலில் வாய்க்கால் கரையில் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பின்னால் நின்றவர் கையிலிருந்த மாலை எகிறி டிரைவரின் கழுத்தோரம் விழுந்தது. டிரைவர் அதை அவசரமாகக் கழற்றி எறிந்தான்.

பிறகு ஒரே கூச்சல். யார் சொன்னது, யார் பார்த்தது, எந்தக் கோட்டிக்காரன் குழுவில் போட்டது, அதைப் பார்த்து எவன் பெட்டிக்குச் சொன்னது. சுஜினை இழுத்துவந்தார்கள். சுஜின் மூன்று நாற்காலிகளையும் காட்டினான். "இவிய இருந்த இருப்பப் பாத்தா நீங்களும் போட்டிருப்பிய! பெரியம்மா கண்ணுல தண்ணி! வாயத் தொறக்கல! கேட்டதுக்குத் தலைய ஆட்டிக் கும்பிடுதாவ!"

லியோன் ஐயா அதற்குள் சித்ரலேகாவுக்குப் போன் போட்டிருந்தார். அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது சுடலைக்கண்ணு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கூட்டம். அவர் ஒவ்வொருவரையாகத் திருத்திக்கொண்டிருந்தார். யார் எந்த லயன், எந்த வருஷம் பாலம் உடைந்தது, ஃபாக்டரிச் சங்கு எத்தனை தடவை ஊதும், தன்னைப் பற்றி வேனில் வரும்போது யார் யார் என்னென்ன பொய் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பேச்சு நிற்கவே இல்லை. நடுவில் யாரோ நினைவூட்ட, ஐந்து மாதமாகத் தொடாத போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "நான் சாவல. யாரும் சொன்னா நம்பாத" என்று சொல்லி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சித்ரலேகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் வந்ததிலிருந்தே நாற்பது நிமிஷம்.

பிரம்மநாயகி சுவரோரமாக நின்றாள். அழுது முடித்தவர்களின் முகங்களை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. சுடலைக்கண்ணு திடீரென்று அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, மூணு தரம் வந்துட்டிய. மொதல்ல விடாமப் பேசுனிய. இன்னைக்கு ஊமையா இருந்தே என்னயச் சாவடிச்சுட்டிய. உங்களுக்கு என்னதான் வேணும்?"

மஹ்மூதா பீவி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்றாவது விதி: சொந்தக் கதை சொல்லக் கூடாது. எதிரே சித்ரலேகா நோட்டோடு நின்றாள்.  கைவசம் ஒரு பொய் இருந்திருந்தால் பிரம்மநாயகி அதையே சொல்லியிருப்பாள்.

"எம்மவன் என்னயப் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான் அண்ணாச்சி. நீங்க பத்து நிமிசம் பேசுனா எனக்கு இங்கன ஒரு சோலி கெடைக்கும். நான் போக வேண்டாம். அம்புட்டுதான். உங்க மேல எரக்கப்பட்டு வரல."

 சுடலைக்கண்ணு குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அங்க எத்தனாவது மாடி?"

"பன்னெண்டு."

"எங்களக் கீழ எறக்குனாவ. உங்கள மேல ஏத்துதாவளாக்கும்" என்றார். பிறகு சித்ரலேகாவைப் பார்த்துக் கையை நீட்டினார். "எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"

அவர் போட்டுக்கொண்டிருக்கும்போதே சித்ரலேகா மெல்லிய குரலில் சொன்னாள்: "அம்மா, ரெண்டு விதி மீறியிருக்கீங்க. கதவைத் தட்டிக் கேள்வி கேட்டீங்க. சொந்தக் கதை சொல்லிட்டீங்க."

மஹ்மூதா பீவி முன்னால் வந்தாள். "ஏ புள்ள, மவுத்தான மனுசன் நேர்ல நின்னு கேள்வி கேட்டா பதில் சொல்லாம இருக்க முடியுமா? நீயா இருந்தா இருப்பியா?"

சித்ரலேகா கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டினாள். அதில் அந்த நிலைமைக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "ஒரு விதிக்கு ரெண்டு மதிப்பெண் கழிக்கணும்" என்றாள். தனக்குள் கழித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "ஆறு வருது."

பிரம்மநாயகி அந்தப் படிவத்தை வாங்கிக் கையெழுத்தை இரண்டு தடவை படித்தாள். 

அங்கே ஒரு வழக்கு பாக்கி இருந்தது. துட்டிக்கு வந்தவர்கள் குளிக்காமல் வீடு போகலாமா? சாவே இல்லையே, எதற்குக் குளிக்க என்றார்கள் ஆண்கள். அழுதது அழுததுதான், மாலை வாங்கினது வாங்கினதுதான் என்றார்கள் பெண்கள். பெண்கள்தான் ஜெயித்தார்கள். வண்டியைச் சேரன்மாதேவியில் நிறுத்தி ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டுப் போவது என்று முடிவாயிற்று.

சுடலைக்கண்ணு எழுந்து உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்தார். கதவை இழுத்துப் பூட்டினார்.

"எங்கண்ணே போற?" என்றாள் சுடலைவடிவு.

"எந்துட்டிக்கு நான் குளிக்காண்டாமா?" என்று சொல்லி வேனில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நாலு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார். கல்லிடைக்குறிச்சியில் அந்த நாலு நாளும் அவரைப் பார்க்க ஆள் வந்துகொண்டே இருந்ததாம்.

பிரம்மநாயகியும் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். முடியைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பாபநாசம்.

"எம்மா, இன்னைக்குத்தான கடைசிப் பரீச்ச? என்ன..."

'பாஸு' என்று நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவள் அதை அங்கேயே நிறுத்தினாள். அவன் கேட்டு முடிக்கட்டும்.

"...ஆச்சு? ஃபெயில்னா வருத்தப்படாதம்மா. நான் சும்மா வெளையாட்டுக்குத்தான் சிரிச்சேன்."

"பாஸாயிட்டேன்லே. ஆறு மார்க்கு."

 "அப்பம் டிக்கெட்ட கேன்சல் பண்ணணும்" என்றான். குரல் இறங்கியிருந்தது.

பண்ணு என்று சொல்லிவிடலாம். இதற்காகத்தான் ஆறு வாரம் வாயைக் கட்டினாள். ஆனால் அவன் வாக்கியத்தை முடித்ததுபோல அவளுக்குத் தோன்றவில்லை. காத்திருந்தாள். 

"இல்லம்மா... நீ தனியா இருக்கேன்னு மட்டும் நான் கூப்பிடல. ஒம் மருமவளுக்கு நைட் ஷிஃப்ட்டு. நான் வரும்போது அவ கெளம்பிருவா. நானும் புள்ளையும் கம்ப்யூட்டரும்தான். இங்க பேசுறதுக்கு..." என்று ஆரம்பித்து, ஆபீஸில் புது மேனேஜர், முதுகு வலி, பிள்ளைக்குத் தமிழ் வராதது, லிஃப்டில் தினமும் பார்க்கிற ஒருவரின் பெயர்கூடத் தெரியாதது என்று போய்க்கொண்டிருந்தான். முதுகு வலிக்கு அவளிடம் நல்ல எண்ணெய் ஒன்று இருந்தது. சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

கடைசியில் அவனே சொன்னான்: "டிக்கெட்ட கேன்சல் பண்ணிருதேன்மா. நீ அங்கனயே இரு. சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா நான் டெய்லி இந்நேரம் கூப்பிடுவேன்."

"சரிலே."

"அந்த மேனேஜர் விசயம் இன்னும் முடியல கேட்டியா..."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் அம்மா குறுக்கே பேசாமல் இருந்தது அவனுக்குப் பயமாகப் போய்விட்டது.

"எம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்லே. நீ பேசு."